ஆய்வுச் சுருக்கமும் கலைஞர் குறிப்பும்: மாணவர் கருத்தரங்கிற்கு எழுதுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

கருத்தரங்கிற்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களில் பல, "இக்கட்டுரை இதைப் பற்றி ஆராய்கிறது" என்று தொடங்கி "ஆராய்வதே இதன் நோக்கமாகும்" என்று முடிந்துவிடுகின்றன. ஆராய்ந்ததில் என்ன தெரியவந்தது என்பது எங்குமே இருக்காது. எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தால் வேறு கதை. வெயிலில் கண்மாய்க் கரை முழுக்க நடந்திருப்பார், பெரியவர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருப்பார், நோட்டு நிறையக் குறிப்பு வைத்திருப்பார். அவ்வளவு உழைப்பும் தாளில் ஒரு வரியாகக்கூட வராமல் போவது எனக்குத் தாங்கவில்லை. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கங்களிலும் இளங்கலை, முதுகலை படித்துக்கொண்டு, முதன்முறையாக ஒரு கருத்தரங்கிற்கு எழுதப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரை கொடுப்பவர்கள் ஆய்வுச் சுருக்கம் எழுத வேண்டும். ஓவியம், துணி, புகைப்படம், குறும்படம், நிகழ்த்துகலை என்று படைப்பாகக் கொடுப்பவர்கள் கலைஞர் குறிப்பு எழுத வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: செய்யப்போவதை அறிவிக்காதீர்கள், செய்ததையும் கண்டதையும் சொல்லுங்கள்.

படி 1: அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

வாட்ஸப்பில் வரும் அழைப்பிதழில் தேதியையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்துவிட்டு எழுத உட்காராதீர்கள். கருப்பொருள் என்ன, எத்தனை சொல், தமிழா ஆங்கிலமா இரண்டுமா, எந்த எழுத்துரு, வாய்மொழியாக வாசிப்பதா போஸ்டரா, உங்கள் பெயரும் கல்லூரிப் பெயரும் சுருக்கத்தின் கோப்பிலேயே இருக்கலாமா கூடாதா என்று பாருங்கள். பெயர் தெரியாமல் மதிப்பிடும் கருத்தரங்குகளில், உள்ளே "எங்கள் கல்லூரியில்" என்று ஒரு வரி வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணத்தைச் சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு கேட்கிறார்களா, அனுப்பும்போதே கேட்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். படித்துப் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்கும் இடத்தில் யார் மதிப்பிடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு அனுப்புவது நல்லது.

சொல் எல்லை பொதுவாக 150 முதல் 300 வரை இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லாக வருவது தமிழில் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். ஆகவே 250 சொல் என்பது தமிழில் நிறையவே இடம். எல்லையைத் தொட்டே ஆக வேண்டும் என்று அடைசல் சேர்க்க வேண்டாம். 180 சொல்லில் விஷயம் முடிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 2: எழுதுவதற்கு முன் வாயால் சொல்லிப் பாருங்கள்

பேனாவைக் கையில் எடுத்ததும் நம் பிள்ளைகளுக்கு மேடைத்தமிழ் வந்துவிடுகிறது. பேசும்போது அது வராது. அதனால் முதல் வரைவை எழுதாதீர்கள், பேசுங்கள். உங்கள் துறையைச் சேராத தோழி ஒருவர், "சரி, நீ என்னதான் பண்ணின?" என்று கேட்பதாக வைத்துக்கொண்டு, போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பேச்சில் இந்த ஐந்துக்கும் பதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்: எதைத் தெரிந்துகொள்ள நினைத்தேன்? அது ஏன் தெரிய வேண்டும்? எங்கே, யாரிடம், எப்படித் தேடினேன்? என்ன கிடைத்தது? கிடைத்ததால் என்ன மாறுகிறது?

நான்காவது கேள்வி வரும்போது பேச்சு தடுமாறினால் சிக்கல் மொழியில் இல்லை. தரவை இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். நோட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. ஒரு நூலின் முன்னுரையான பாயிரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் எட்டு வகுத்திருக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். கருத்தரங்குகள் இன்று கேட்பதில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. ஆய்வு என்பதால் நாம் கூடுதலாகச் சேர்க்க வேண்டியவை இரண்டு: செய்த முறை, கண்ட முடிவு. அந்த எட்டில் எல்லை, கேட்போர் இரண்டையும்தான் மாணவர்கள் அதிகம் மறக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் காலம், எத்தனை பேர் என்று எல்லை கட்டாவிட்டால், ஒரு தெருவில் பார்த்ததைத் தமிழ்நாடு முழுவதற்கும் சொன்னதாகிவிடும்.

படி 3: வரி வரியாக எழுதுவது

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஆய்வும் அதில் வரும் எண்களும் மாதிரிக்காக நான் கற்பனையாக அமைத்தவை. மடை என்பது கண்மாய் நீரை வயலுக்கு விடும் வாய், வரத்துக்கால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால், ஆயக்கட்டு கண்மாய் நீர் பாயும் நிலம், கடைமடை அந்த நிலத்தின் கடைசிப் பகுதி.

வழக்கமாக வரும் சுருக்கம் இப்படி இருக்கும்:

"பண்டைத் தமிழர்கள் நீர் மேலாண்மையில் தலைசிறந்து விளங்கினர். பாண்டிய நாட்டின் வேளாண்மையில் கண்மாய்கள் முக்கியப் பங்கு வகித்தன என்றால் அது மிகையாகாது. இத்தகைய கண்மாய்கள் இன்று அழிவின் விளிம்பில் உள்ளன. எனவே அவற்றைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும். மேலூர் வட்டாரக் கண்மாய்கள் குறித்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்."

இதில் தவறான வாக்கியம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஆனால் இதை எழுத மேலூருக்குப் போயிருக்கவே தேவையில்லை. வீட்டிலிருந்தே எழுதியிருக்கலாம். அதுதான் குறை.

போய்ப் பார்த்தவர் எழுதினால் இப்படி வரும்:

"மேலூர் வட்டாரக் கண்மாய் ஒன்றில் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சி எனப்படும் ஊர்ப் பணியாளரின் பொறுப்பாக இருந்தது. அந்தப் பணி நின்ற பிறகு பொறுப்பு யாரிடம் போனது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் 22 விவசாயிகளையும் முன்னாள் நீர்பாய்ச்சிகள் இருவரையும் நேர்காணல் செய்தேன். 5 மடைகளையும் வரத்துக்கால்களையும் நேரில் பார்த்து வரைபடமாக்கினேன். 3 மடைகளை இப்போது மடைக்கு அருகில் நிலம் உள்ளவர்களே திறக்கின்றனர். 2 மடைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. கடைமடை விவசாயிகள் 9 பேரில் 7 பேர் கிணற்றுப் பாசனத்துக்கு மாறிவிட்டனர். அறுவடையில் நெல்லாகக் கொடுத்துவந்த கூலி நின்றதையே முன்னாள் நீர்பாய்ச்சிகள் இருவரும் முதல் காரணமாகச் சொல்கின்றனர். தூர்வாரினால் மட்டும் போதாது, மடைக்குப் பொறுப்பாளர் இருந்தால்தான் கடைமடைக்கு நீர் சேரும் என்பதை இந்த ஆய்வு நிரூபிக்கிறது."

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். பண்டைத் தமிழர் இல்லை, குறள் மேற்கோள் இல்லை. நேராக மடைக்கே வந்துவிட்டது. இரண்டாவது வாக்கியம் கேள்வி. மூன்றாவதிலும் நான்காவதிலும் யாரிடம், எத்தனை பேர், எதைப் பார்த்தார் என்பது வந்துவிட்டது. அடுத்த நான்கு வாக்கியங்கள் முழுக்க முடிவு. ஒரு நல்ல சுருக்கத்தில் முடிவுகளுக்குத்தான் பெரிய இடம் கிடைக்க வேண்டும். பின்னணிக்கு ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு.

கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு இடறுகிறது. ஒரே ஒரு கண்மாயைப் பார்த்தவர் "நிரூபிக்கிறது" என்று சொல்ல முடியாது. "இந்தக் கண்மாயைப் பொறுத்தவரை, தூர்வாருவதோடு மடைக்கு ஒரு பொறுப்பாளரும் தேவை என்று தெரிகிறது" என்று குறைத்துக்கொள்ளலாம். குறைத்துச் சொன்னால் ஆய்வு சிறுத்துவிடாது. மதிப்பிடுகிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கைதான் கூடும்.

"நேர்காணல் செய்தேன்" என்று தன்மையில் எழுதலாமா என்று கேட்பார்கள். "நேர்காணல் செய்யப்பட்டது" என்று எழுதுவதுதான் இங்கே பல துறைகளில் வழக்கம். என்னைக் கேட்டால், களத்தில் நின்றவர் "செய்தேன்" என்று எழுதுவதே நேர்மையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் உங்கள் நெறியாளருக்கும் கருத்தரங்கிற்கும் என்ன வழக்கமோ அதற்குக் கட்டுப்படுங்கள். சுருக்கத்துக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். காலமும் அப்படித்தான். செய்ததும் கண்டதும் இறந்தகாலம். இன்றைக்கும் நிலவுவது நிகழ்காலம். "ஆராயப்படும்" என்ற எதிர்காலம் வந்தால் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கடைசித் தேதிக்குள் தரவு முழுதாக வந்து சேராமல் போவதும் உண்டு. அப்போது கையில் இருப்பதை வைத்து, "இதுவரை 12 நேர்காணல்கள் முடிந்துள்ளன, அவற்றில் தெரிவது இது" என்று எழுதுங்கள். வராத முடிவை வந்ததாக எழுதாதீர்கள்.

துறைக்குத் துறை கவனிக்க வேண்டியவை

இலக்கிய மாணவர்கள், "எங்களுக்கு ஏது முடிவு, எண்ணிக்கை?" என்று கேட்பார்கள். இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் (பகல் கடைவீதி) அல்லங்காடியும் (இரவுக் கடைவீதி) வருகின்றன என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதைத் திரும்பச் சொல்ல ஓர் ஆய்வு வேண்டாம். இரண்டு அங்காடிகளிலும் வரும் பொருள்களையும் ஆட்களையும் தனித்தனியே பட்டியல் போட்டு, எது பகலில் மட்டும் வருகிறது, எது இரவில் மட்டும் வருகிறது, அதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று பார்த்தால் அது ஆய்வு. அந்த ஒழுங்குதான் உங்கள் முடிவு. எந்தப் பதிப்பை வைத்துக்கொண்டீர்கள் என்பதுதான் உங்கள் முறை.

அறிவியல் மாணவர்களுக்கு வைகை ஒரு நல்ல பாடம். "வைகை நீர் மாசடைந்துள்ளது" என்பது முடிவு ஆகாது. எந்த இடத்தில் நீர் எடுத்தீர்கள், எந்த மாதம், எத்தனை மாதிரி, எதை அளந்தீர்கள், எந்த அலகில், எதோடு ஒப்பிட்டீர்கள் என்பது வேண்டும். நகருக்குள் வைகையில் வருடத்தில் பல நாள் தண்ணீரே ஓடாது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதையொட்டி வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் எடுத்த மாதிரியும், அதற்கு ஒரு மாதம் முன்பு தேங்கிக் கிடந்த குட்டையில் எடுத்த மாதிரியும் ஒன்றாகாது. தேதியை எழுதாத நீர்ப் பரிசோதனை முடிவை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

வரலாறு, தொல்லியல் மாணவர்களின் சுருக்கங்களில் கீழடி வராமல் இருப்பதில்லை. "2600 ஆண்டுகள் பழமையான கீழடி" என்று ஒரு வரி போட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுகிறார்கள். அந்தக் காலக்கணிப்பு எங்கிருந்து வந்தது? தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்தது. காலம் அந்த மாதிரிக்கும் அது கிடைத்த மண்ணடுக்குக்கும் உரியது. கீழடியில் எடுத்த ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் அதே வயது என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். எதன் காலம், எந்த ஆழம், யார் கணித்தது என்று மூன்றையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

படி 4: தலைப்பும் திறவுச்சொற்களும்

"மேலூர் வட்டாரக் கண்மாய்கள்: ஓர் ஆய்வு". இந்த "ஓர் ஆய்வு" என்ற வாலை வெட்டிவிடுங்கள். ஆய்வுக் கருத்தரங்கிற்கு வருவது ஆய்வுதான் என்று எல்லோருக்கும் தெரியும். இடம், பொருள், கேள்வி மூன்றும் தலைப்பில் தெரியட்டும்: "நீர்பாய்ச்சிக்குப் பிறகு மடை யார் கையில்? மேலூர் வட்டாரக் கண்மாய் ஒன்றில் கண்டது." சுருக்கம் எழுதி முடித்த பிறகு தலைப்பு வைப்பதே சுலபம்.

திறவுச்சொற்கள் நான்கிலிருந்து ஆறு வரை போதும். நீங்கள் எழுதும் பொருளை வெளியூர்க்காரர் என்ன சொல் போட்டுத் தேடுவார் என்று யோசியுங்கள். நமக்குக் கண்மாய். வடக்கே போனால் ஏரி. தெற்கே குளம். கட்டுரைக்குள் கண்மாய் என்றே எழுதுங்கள், திறவுச்சொல்லில் ஏரிப் பாசனம், குளத்துப் பாசனம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

படி 5: கலைஞர் குறிப்பு

இதற்கு நம்மிடம் பழக்கம் குறைவு. ஓவியம் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால், "படத்தைப் பார்த்தால் தெரியுமே, எதுக்கு எழுதணும்?" என்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். குறிப்பு எழுதுவது படத்தை விளக்குவதற்கு இல்லை. படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத சிலவற்றைச் சொல்வதற்கு: இது எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, இதைச் செய்ய உங்களைத் தள்ளிய கேள்வி எது.

வாழ்க்கைக் குறிப்பு வேறு, இது வேறு. எங்கே பிறந்தேன், எந்தப் போட்டியில் பரிசு வாங்கினேன் என்பதெல்லாம் வாழ்க்கைக் குறிப்புக்குப் போகட்டும். கலைஞர் குறிப்பு தன்மையில், நிகழ்காலத்தை ஒட்டி, 100 முதல் 200 சொல்லுக்குள் இருந்தால் நல்லது. கண்காட்சிச் சுவரில் நின்றபடியே படிக்கப் போகிறார்கள்.

எழுத உட்காரும்போது முதலில் கையைப் பற்றி எழுதுங்கள். கருத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். எந்தப் பொருளை எடுத்தீர்கள், அதை என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் பொருள் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, அப்போது என்ன முடிவு எடுத்தீர்கள்? விளாச்சேரி மண்ணில் பொம்மை செய்தவருக்குக் காயும்போது விரிசல் விட்டிருக்கும். வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் படம் எடுத்தவர் தண்ணீர் இருக்கும் நாளையா, பையன்கள் கிரிக்கெட் ஆடிய வறண்ட நாளையா எதைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு காரணம் இருக்கும். அந்த முடிவுகளில்தான் கலைஞர் தெரிகிறார்.

நான் அடிக்கடி பார்க்கும் வகை இது:

"என் படைப்பு பாரம்பரியத்திற்கும் நவீனத்திற்கும் இடையிலான உரையாடல். அடையாளம், நினைவு, காலம் ஆகியவற்றின் ஊடாகப் பயணித்து மனித உணர்வுகளின் ஆழங்களை இது வெளிப்படுத்துகிறது."

இதை எந்தப் படைப்பின் கீழும் ஒட்டலாம். பொருந்தும். எங்கே ஒட்டினாலும் பொருந்துவது உங்கள் படைப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இப்போது மாதிரிக்கு நான் எழுதிய ஒன்று. துணியில் வேலை செய்யும் ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்ளுங்கள்:

"பிரிக்காதது. பருத்தித் துணி, நூல், சாயம். 110 × 150 செ.மீ.

சுங்கடிப் புடவை கடைக்கு வரும்போது அதில் முடிச்சு இருக்காது. சாயம் ஏறிக் காய்ந்ததும் துணியை இழுத்து நூலைப் பிரித்துவிடுவார்கள். கட்டியிருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். என் பாட்டி முடிச்சுப் போடுபவர். எனக்குச் சிறு வயதிலிருந்து தெரிந்தது புள்ளி இல்லை, முடிச்சுதான். அதனால் இந்தத் துணியில் முடிச்சுகளைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன். மேல் பாதி பாட்டி கட்டியது, கீழ்ப் பாதி நான் கட்டியது. என் முடிச்சுகள் பெரியவை, வரிசையை விட்டு விலகியவை. அவற்றைத் திருத்தவில்லை. முடிச்சோடு இருப்பதால் துணி சுருங்கி, 2 மீட்டர் நீளத் துணி சுவரில் ஒன்றரை மீட்டராகத் தொங்குகிறது. தொட்டுப் பார்க்கலாம், இழுக்க வேண்டாம்."

பாரம்பரியம் என்ற சொல்லே வரவில்லை. அடையாளமும் இல்லை, நினைவும் இல்லை. ஆனால் பாட்டியின் முடிச்சையும் பேத்தியின் முடிச்சையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு அதெல்லாம் தானாக வந்துவிடும். அவர் தாமே போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நாம் முன்கூட்டியே பலகை நட வேண்டாம். துணி சுருங்கிய செய்தியும் முக்கியம். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது சொல்கிறது: இந்தத் துணிக்குள் இன்னும் அரை மீட்டர் மறைந்திருக்கிறது. தொடலாம் என்ற கடைசி வரி கண்காட்சியில் நிற்பவருக்கு நேரடியாகப் பயன்படும்.

தலைப்பு, பொருள், அளவு மூன்றும் மேலேயே வந்துவிட வேண்டும். அறிவிப்பில் ஆண்டு கேட்டிருந்தால் தலைப்புக்கு அடுத்து அதையும் சேருங்கள். அளவில் உயரத்தை முதலில் எழுதுவதா அகலத்தையா என்று கருத்தரங்குக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறும்படம் என்றால் நிமிடக் கணக்கு, மொழி, துணைத்தலைப்பு உண்டா என்பது. பறை, ஒயிலாட்டம் போன்ற நிகழ்வு என்றால் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு இடம், மைக் தேவையா என்பது. நிகழ்வுக்கான இந்தத் தேவைகளைக் குறிப்பில் எழுதாமல் தனித்தாளில் கொடுங்கள்.

குறிப்பில் பொதுச் செய்தி ஏதாவது சொன்னால் அதைச் சரிபாருங்கள். கடையில் சுங்கடி என்று தொங்குவதில் பலவும் கையால் கட்டியவை அல்ல, மெழுகு அச்சோ ஸ்கிரீன் பிரிண்ட்டோ போட்டவை. "மதுரையில் விற்கும் சுங்கடியெல்லாம் கை முடிச்சு" என்று கலைஞர் குறிப்பில் ஒரு வரி எழுதினால், அந்தத் தொழிலில் இருப்பவர் யாராவது கண்காட்சிக்கு வந்தால் வருத்தப்படுவார்.

வேறொருவர் கை உங்கள் படைப்பில் இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். முடிச்சுப் போட்ட பாட்டி, சூளை போட்டுக் கொடுத்த அண்ணன், தறி ஓட்டிக் காட்டிய அக்கா. அவர்களைக் கேட்டு, சம்மதித்தால் பெயரோடு போடுங்கள். "உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்" என்று மொத்தமாகச் சொல்லிக் கடந்துவிடுவது நன்றாக இல்லை.

படி 6: சம்மதம்

சம்மதம் கேட்பது கலைக்கு மட்டும் உரியதல்ல. நேர்காணல் கொடுத்தவரின் பெயர், படம், ஊர், சாதி, வருமானம் எதை எழுதலாம் என்று அவரிடமே கேளுங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் மடைத் தகராறும் கோயில் மரியாதையும் சாதியோடு பின்னிக் கிடக்கின்றன. அதை எழுதாமல் விட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். யார் சொன்னது என்று தெரியும்படி எழுதினால் சொன்னவருக்குத் தொல்லை வரும். ஊர்ப் பெயரை மறைத்து, "ஒரு கண்மாய்" என்று எழுதுவதற்கு இதுதான் காரணம். மேலே மாதிரிச் சுருக்கத்திலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் எடுத்த படத்தில் ஒருவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தால், சாமியாடும் நிலையில் இருக்கும் அம்மா என்றால் இன்னும் கூடுதலாக, அவரிடமோ வீட்டாரிடமோ கேட்காமல் சுவரில் ஏற்றாதீர்கள்.

படி 7: வெட்டுவது

வரைவு முடிந்ததும் ஒரு நாள் விட்டுவிட்டு, உரக்கப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு வழுக்கும் இடத்தில் சொல் அலங்காரம். நான் முதலில் கோடு போடுகிறவை: "முக்கியப் பங்கு வகிக்கிறது", "என்றால் மிகையாகாது", "இன்றியமையாத ஒன்றாகத் திகழ்கிறது", "என்பது குறிப்பிடத்தக்கது", "எனலாம்". இவற்றை எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் பொருள் குறையாது.

"மகளிர் சுய உதவிக் குழுக்கள் கிராமப் பொருளாதாரத்தில் மிக முக்கியப் பங்கு வகிக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு என்ன? கடன் கொடுக்கிறார்களா, மாடு வாங்க உதவுகிறார்களா, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்களா? "பேட்டி கண்ட குழுக்களில் கடன் அதிகம் போனது கல்லூரிக் கட்டணத்துக்கு" என்று எழுதினால், அதே நீளத்தில் ஒரு கண்டுபிடிப்பு வந்துவிடுகிறது. உள்ளே எழுத வேண்டிய வினைச்சொல்லைத் தேடச் சோம்பும்போதுதான் பங்கு வகிக்க விடுகிறோம்.

சுருக்கத்துக்குள் மேற்கோள் நூல்கள், அடிக்குறிப்பு, விளக்கம் இல்லாத எழுத்துச் சுருக்கங்கள் வேண்டாம். "ம.சு.உ.கு." என்றால் உங்கள் வகுப்புக்குத்தான் புரியும்.

பிறர் வரிகளை எடுத்துப் போடுவது பற்றி ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், சொந்தச் சிந்தனையாகவே இருக்க வேண்டிய பகுதிகளில் ஆய்வுச் சுருக்கத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. பொதுவான செய்தியாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்களுக்கு 14 சொல் வரைதான் விலக்கு. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொல்வதும் இப்போது பழகிவிட்டது. எழுத்துப் பிழை பார்க்க அது உதவலாம். ஆனால் உங்கள் கண்மாயில் எத்தனை மடை அடைபட்டுக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேட்டால் நம்பும்படி ஓர் எண்ணைச் சொல்லிவிடும். முடிவு வரிகளை நீங்களே எழுதுங்கள்.

படி 8: ஆங்கிலச் சுருக்கம்

இரண்டு மொழியிலும் கேட்டால், தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றாதீர்கள். இரண்டாம் படியில் சொன்ன அதே ஐந்து கேள்விக்கு ஆங்கிலத்தில் புதிதாகப் பதில் எழுதுங்கள். மடை, நீர்பாய்ச்சி போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்து, முதல்முறை வரும்போது மட்டும் பொருள் சொல்லுங்கள். ஊர்ப் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: இரண்டு பேரிடம் காட்டுங்கள்

ஒருவர் நெறியாளர். இன்னொருவர் உங்கள் துறையே இல்லாதவர். விடுதி அறைத்தோழியோ வேதியியல் படிக்கும் தம்பியோ. படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, "நான் என்ன கண்டுபிடிச்சேன், சொல்லு" என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் சுருக்கம் தயார். தலைப்பை மட்டும் திருப்பிச் சொன்னால் மூன்றாவது படிக்குப் போங்கள். நெறியாளரிடம் கடைசி நாள் இரவில் அனுப்பாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்தால்தான் அவரும் நிதானமாகப் படித்துச் சொல்ல முடியும்.

படி 10: அனுப்புவது

ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும், படிக்கப்படாமலேயே போய்விடும். டிடிபி கடையில் கொடுத்து அடித்தால், "யூனிகோடில் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், ஒற்று விடுபட்டிருக்கும். ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கியபின் போனில் ஒரு முறை, வேறொருவர் கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள். திருத்தக்கூடிய வேர்டு கோப்பையும் கேட்டிருந்தால் இரண்டையும் இணையுங்கள். கோப்புக்கு "இறுதி", "இறுதி புதியது" என்றெல்லாம் பெயர் வைக்காமல், குழு கேட்டபடியோ, கேட்கவில்லை என்றால் உங்கள் பெயரும் தலைப்பின் முதல் இரு சொற்களுமாகவோ வையுங்கள். பெயர் மறைத்து மதிப்பிடுவார்கள் என்றால் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் வேண்டாம். மின்னஞ்சலின் பொருள் வரியில் கருத்தரங்கின் பெயர், வாய்மொழியா போஸ்டரா கண்காட்சியா என்பது, உங்கள் தலைப்பு மூன்றும் இருக்கட்டும். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் நான்கைந்து நாளில் வராவிட்டால், அறிவிப்பில் கொடுத்திருக்கும் ஒருங்கிணைப்பாளரின் எண்ணுக்குக் கூப்பிட்டு, "ஐயா, என் சுருக்கம் வந்து சேர்ந்ததா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். திருத்தம் சொல்லி அனுப்பினால், எந்தெந்த வரியை எப்படி மாற்றினீர்கள் என்று ஒரு சிறு பட்டியலோடு புதிய கோப்பை அனுப்புங்கள்.